மாரியப்பனின் எச்சிலும் ஒரு கழுத்துக் கட்டியும்

மூன்று வாரமாக ஓயாத தொலைபேசி. என்னிடம் வேலை பழகிப் போன சுமதி இப்போது ஏதோ பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

"புற்றுநோயோட ஸ்டெம் செல் மேல இருக்கிற சர்க்கரையை மாத்துற என்சைம்கள் பத்தித்தானுங்கம்மா மலரே. நீங்க ஏற்காட்டுல அந்தக் காலத்துலயே அந்த வேலை பண்ணுனவங்க. முன்னோடி அனுபவம்னு தலைப்பு வச்சு எழுதிக் குடுங்க."

முன்னோடியாம். நான் இருபத்திரண்டு வருடம் ஏற்காட்டில் ஒரு தருமாஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் தசையைச் சீவிச் சாயம் ஏற்றியவள். அங்கே எங்களிடம் இருந்த என்சைம் ஒரு மனிதனின் எச்சில். இதை அவளிடம் நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. சிரித்துவிட்டு மறுபடியும் "முன்னோடி" என்கிறாள். சரி, எழுதித் தொலைக்கிறேன், எச்சிலைப் பற்றியே எழுதுகிறேன், போட்டுக்கொள்ளட்டும்.

நான் சேலத்துக்காரி. டெக்னீஷியன் படிப்பு ஒரு வருடம், சேலத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்தது இரண்டு வருடம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் நடுவில் மலைக்கு வந்தேன். பனி, அட்டை, வருடத்தில் பாதி நாள் காயாத துணி. ஒரே வருடத்தில் திரும்பிவிடுவதாகத்தான் இருந்தேன். அப்போதுதான் டாக்டர் ஞானமுத்து வந்தார்.

சமவெளியில் பெரிய கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆஸ்துமாவுக்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி ஏற்காட்டுக்கு வந்து, மூச்சுத் திணறல் இரட்டிப்பாகி, அப்படியும் இறங்கிப் போகாத பிடிவாதக்காரர். சொந்த மைக்ராஸ்கோப்பைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். தோட்டி முதல் மேட்ரன் வரை எல்லோருக்கும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். திட்டவே மாட்டார். என்ன சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நெசமாச் சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களா?" திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவருக்குச் சர்க்கரைப் பித்து. உடம்பில் உள்ள ஒவ்வொரு உயிரணுவும் மேலே ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கிறது என்பார். கருவில் இருக்கும் இளம் உயிரணுவுக்கு ஒரு சட்டை, வளர்ந்து ஈரலாகவோ குடலாகவோ ஆனபின் வேறு சட்டை. புற்றுநோய் வந்த உயிரணு மறுபடியும் அந்தக் குழந்தைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறது. மூன்று மாதம் தாமதமாக வரும் பத்திரிகைகளில் இதைப் படித்துவிட்டு, டீ ஆறுவது தெரியாமல் பேசுவார்.

"சட்டையைத் தைக்கறதும் பிரிக்கறதும் என்சைம்தானுங்க ராஜாமணி. அது தையக்காரன். கட்டியில எல்லா செல்லும் ஒன்னில்லீங்க. சிலது மட்டும் வெதை மாதிரி. மத்ததெல்லாம் செத்தாலும் அது ஒன்னு தப்பிச்சாப் போதும், திரும்ப மொளைக்கும். அந்த வெதைக்கு எந்தத் தையக்காரன் சட்டை தைக்கறான்? சட்டையை மாத்துனா அதோட புத்தி மாறுமா? இதத் தெரிஞ்சுக்காம நான் சாகமாட்டனுங்க."

தெரிந்துகொள்ளாமலேதான் செத்தார். சுமதி கூட்டம் இப்போது சொல்வதும் அதைத்தான். அந்த விதை உயிரணுவுக்குப் பெயர் ஸ்டெம் செல். ஒரு என்சைமை அடக்கினால் அது சாதுவாகிறது, இன்னொன்றைத் தூண்டினால் இடம்விட்டு இடம் ஓடுகிறது என்கிறார்கள். நல்லது. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தையல்காரனுக்கும் சம்பந்தமே இல்லை. எங்களால் முடிந்தது ஒன்றுதான்: உயிரணு தன் வயிற்றுக்குள் என்ன சர்க்கரை வைத்திருக்கிறது என்று பார்ப்பது.

அதை எப்படிப் பார்ப்போம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கட்டியிலிருந்து வெங்காயத்தோலைவிட மெல்லியதாகச் சீவல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். ஒரு அமிலத்தில் ஐந்து நிமிடம், பிறகு ஷிஃப் என்ற நிறமில்லாத திரவத்தில் கால் மணி நேரம், பிறகு ஓடும் குழாய்த் தண்ணீர். சர்க்கரை இருக்கும் இடமெல்லாம் வாடாமல்லிப்பூ நிறத்தில் எழும். ஆனால் அந்த நிறத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று சேமிப்புச் சர்க்கரை, ஈரலில் இருப்பது. மற்றது சளியில் இருக்கும் சர்க்கரை. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் இன்னொரு தகட்டை, சாயம் ஏற்றும் முன்பே, மாவுச் சத்தைக் கரைக்கும் என்சைமில் ஊற வைக்க வேண்டும். சேமிப்புச் சர்க்கரை கரைந்து நிறம் போய்விடும். சளிச் சர்க்கரை அசையாது. நிறம் போனால் ஒரு நோய், போகாவிட்டால் வேறு நோய். அவ்வளவுதான்.

அந்த என்சைம் பொடி மெட்ராஸிலிருந்து வர வேண்டும். வந்தால் கட்டிதட்டி வரும், அல்லது வரவே வராது. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லார் வாயிலயும் ஓசியில இருக்குதுங்களே," என்றார். ஒரு நாள் மதியம் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு குழாயில் துப்பச் சொன்னார். கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டால் நீலமாகும். அதில் எச்சிலைக் கலந்து, யாருடைய நீலம் முதலில் மறைகிறது என்று அலாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். என்னுடையது பதினோரு நிமிடம். மேட்ரன் துப்ப மறுத்துவிட்டார். அட்டெண்டர் மாரியப்பனுடையது ஐந்தே நிமிடம்.

அன்றிலிருந்து மாரியப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வயது மனிதன், ஒண்டிக்கடை முக்கில் நின்று "நம்ம எச்சில் இல்லீன்னா கான்சர் டெஸ்ட்டே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். டாக்டர் அவனுக்கு விதி போட்டார். துப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து காப்பி கூடாது, வெற்றிலை கூடாது, பாக்கு கூடவே கூடாது. பாக்கின் துவர்ப்பு என்சைமைக் கட்டிப்போட்டுவிடும். மூன்று தடவை வெறுந்தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். மாரியப்பன் மலைச்சாமி சேர்வராயன் மேல் சத்தியம் செய்தான்.

எனக்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தடவையும் ஆட்டு ஈரல் சீவல் ஒன்றையும் கூடவே ஊற வைக்க வேண்டும். ஈரலில் நிறம் போனால் எச்சில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். டாக்டர் அதைச் 'சாட்சி' என்பார். சாட்சி இல்லாத ரிப்போர்ட்டைத் தொடமாட்டார்.

வெள்ளையன் வந்தது ஒரு புரட்டாசி மாதம். மாரமங்கலத்துக்காரன், இருபத்தெட்டு வயது, காப்பியும் மிளகும் போட்டுப் பிழைப்பவன். கழுத்தில் இடப்பக்கம், காறை எலும்புக்கு மேலே, எலுமிச்சையளவு கட்டி. வாரம் ஒரு முறை சேலத்திலிருந்து வரும் சர்ஜன் அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பினார். சீட்டில் "வயிற்றுப் புற்றா?" என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில் கட்டி வந்தால் வயிற்றில்தான் மூலம் என்பது பாடம். பாடத்தைத் தாண்டி, வெள்ளையனின் வேட்டியை அவிழ்த்து அவர் பார்க்கவில்லை. சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதல்லவா!

தகட்டில் தெளிந்த, பெரிய உயிரணுக்கள். சாயம் ஏற்றினால் வாடாமல்லி. இப்போது எச்சில் தகடு. சாட்சிக்கு ஈரல் தேடினேன். தீர்ந்துபோய் இரண்டு வாரமாகியிருந்தது. ஏன் புதிதாகச் செய்யவில்லை? புரட்டாசி. எங்கள் வீட்டில் பெருமாளுக்கு விரதம். கறிக்கடைக்குப் போய், சூடு ஆறாத ஈரலைக் கையால் வாங்கி நறுக்கிப் பதப்படுத்த எனக்கு மனமில்லை. ஐப்பசி பிறக்கட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தேன். வேறு யாரையும் வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மாரியப்பன் துப்பிக் கொடுத்தான். குழாயைத் தூக்கிப் பார்த்தால் லேசாகப் பழுப்பு.

"ஏனுங்க மாரியப்பா, பாக்குப் போட்டீங்களா?"

"சாமி சத்தியமா இல்லீங்கக்கா. வரக்காப்பி ஒரு வாய் குடிச்சனுங்க, அதும் காத்தால. குளுரு நொம்பங்க."

பொய் என்று எனக்குத் தெரியும். கன்னத்துக்குள் கொட்டைப்பாக்கு ஒதுக்கியிருந்த புடைப்பு எதிரிலேயே தெரிந்தது. நான் என்ன செய்தேன்? வடிதாளில் அந்த எச்சிலை வடித்தேன். கண்ணுக்குத் தெளிவாக வந்தது. தெளிவாக இருந்தால் சுத்தம் என்று வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் சர்வீஸ் போட்டவளின் அறிவைப் பாருங்கள். துவர்ப்பு தண்ணீரோடு தண்ணீராக இறங்கி வரும் என்பது சாம்பார் வைக்கத் தெரிந்தவளுக்குக்கூடத் தெரியும்.

நிறம் போகவில்லை. அப்படியானால் சளிச் சர்க்கரை. அப்படியானால் வயிற்றிலிருந்து பரவிய புற்று. சர்ஜன் எழுதியதோடு அச்சாகப் பொருந்தியது.

டாக்டர் அன்றைக்கு இழுப்போடு வந்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "என்னமோ இடிக்குதுங்க ராஜாமணி," என்றார். "சாட்சி சரியா இருந்துச்சுங்களா?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கேட்கத் தெம்பில்லை. நெசமா, நெனச்சா என்று அன்றைக்கு ஒரு தடவை கேட்டிருந்தால் உளறிக் கொட்டியிருப்பேன். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். வெள்ளையனிடம் சர்ஜன் சொல்லிவிட்டார்: வயிற்றிலிருந்து பரவிவிட்டது, மருந்தில்லை, நாலைந்து மாதம் தாங்கும், ஊரோடு போய் இரு.

வெளிப் பெஞ்சில் அவன் மனைவி சின்னப்பொண்ணு இருந்தாள். இருபது வயது இருக்கும், குழந்தை இல்லை. அவன் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் அழவில்லை, அவன் துண்டை எடுத்து ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

ஐப்பசி கடைசியில் ஈரல் வாங்கிப் பதப்படுத்தினேன். இந்தச் சோதனை அடிக்கடி வருவதில்லை. கார்த்திகை நடுவில்தான் அடுத்தது வந்தது. மாரியப்பன் துப்பினான். ஈரலை ஊற வைத்தேன், சாயம் ஏற்றினேன். ஈரல் முழுக்க வாடாமல்லி. துளிகூடக் கரையவில்லை.

மாரியப்பனைக் கூப்பிட்டு வாயைத் திற என்றேன். திறந்தான். கன்னத்தில் பாக்கு.

நான் கத்திய கத்தலில் வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கத்தி முடித்ததும் வெள்ளையனின் சதையைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்தேன். நானே வாயைக் கொப்பளித்து நானே துப்பினேன். பதினோரு நிமிட எச்சில்தான், அதனால் இரண்டு மணி நேரம் வைத்தேன். ஈரலும் வெள்ளையனும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் நிறம் போயிருந்தது.

இரண்டு தகட்டையும் தட்டில் வைத்து டாக்டரின் மேஜைக்குக் கொண்டுபோனேன். புரட்டாசி, பாக்கு, வடிதாள், தலையாட்டல், எல்லாவற்றையும் சொன்னேன்.

"நெசமாச் சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களா?"

"நெசமுங்க."

அவர் பார்த்தார். தகட்டை மாற்றி மாற்றி ஆறேழு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த உயிரணுக்கள் வயிற்றினுடையவை அல்ல, ஆணின் விதைக்கொட்டையில் வரும் புற்று என்றார். எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய மூல உயிரணு, இன்னும் எதுவாகவும் ஆகாமல் சர்க்கரையை வயிற்றில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் தேடிய விதை. கழுத்து வரை பரவியிருந்தாலும் கதிர்வீச்சில் கரைந்துவிடக்கூடிய அபூர்வமான புற்று.

"காப்பாத்தியிருக்கலாமுங்க," என்றார். பிறகு, "உசுரோட இருக்காரா?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. கடுதாசி போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அடுத்த பஸ்ஸில் மாரமங்கலம் கிளம்பினோம், அவரும் நானும். இறங்கியபின் நடை. மழைச் சேற்றில் நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நீங்கள் பஸ் நிற்கும் இடத்திலேயே இருங்கள் என்றால் கேட்கிற ஆளா!

வெள்ளையன் உயிரோடுதான் இருந்தான். மிளகுக் கொடிக்கு ஆளுயரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். எலும்பும் தோலுமாக, கழுத்துக் கட்டி இன்னும் பெரிதாக. டாக்டர் அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறவியிலேயே ஒரு பக்க விதைக்கொட்டை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றிருக்கிறது, புற்று பிறந்தது அங்கேதான். சின்ன வயதில் அவன் தாய் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாள். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரியில ஏன் சொல்லலீங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"நீங்க யாரும் கேக்கலீங்களே."

டாக்டர் சொன்னார்: "ஆமாங்க. கேக்கல."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ரிப்போர்ட் தப்பு. மெட்ராஸில் ஆபரேஷனும் கதிர்வீச்சும் கொடுத்தால் பிழைக்க வழியிருக்கிறது, கூடவே வந்து சேர்த்துவிடுகிறேன் என்றார். வெள்ளையன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கையில் இருந்த நாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான் சாவமாட்டனுங்களா?"

"பெரும்பாலும் மாட்டீங்க."

"அவளக் கொட்டச்சேட்டு ஊருல கட்டிக் குடுத்துட்டமுங்க," என்றான். "போன வெசாழக்கெழமெ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவனே சொன்னான். நாலு மாதத்தில் போகிறவன் எதற்குச் சின்னப்பொண்ணைக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி அவனேதான் பந்தத்தைத் தீர்த்து விட்டிருக்கிறான். அந்த மலை மக்களிடம் மறுதாலி குற்றமில்லை. அவள் மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். "நான் இருக்கறப்பவே உனக்கு ஒரு ஊடு அமையறத பாத்துட்டுப் போறன்" என்று அவன்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறான். மாப்பிள்ளையையும் அவன்தான் பார்த்தான். நல்ல பையன் என்றான்.

டாக்டர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னுதுங்க," என்றேன் நான். "டாக்டருதில்ல."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க. எனக்கு நேரம் அப்புடி."

இந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்காது. நேரமாவது கிரகமாவது! பாக்கு. பாக்கும் வடிதாளும் என் சோம்பலும். அவன் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. சுருட்டிய நாரைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குக் காப்பி வைக்க உள்ளே போனான்.

மெட்ராஸில் ஆபரேஷன் நடந்தது, கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில வாரத்தில் கழுத்துக் கட்டி கரைந்து இருந்த இடம் தெரியாமல் போனது. வருடா வருடம் வந்து காட்டிவிட்டுப் போவான், சதை போட்டிருந்தான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் பழைய ரிப்போர்ட்டை நோட்டிலிருந்து கிழிக்க விடவில்லை. "ரெண்டும் இருக்கட்டுமுங்க," என்று புதியதை அதற்குக் கீழேயே என் கையால் எழுத வைத்தார். மாரியப்பனை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவனாகவே பாக்கை விட்டுவிட்டான். ஆனால் குழாயை நீட்டினால் அவனுக்கு வாய் உலர்ந்துவிடும், எச்சிலே ஊறாது. அப்புறம் என் பதினோரு நிமிட எச்சிலை வைத்தே காலம் தள்ளினோம்.

சுமதிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மலரில் என்சைம் அதைச் செய்கிறது, இதைச் செய்கிறது என்று பக்கம் பக்கமாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் அது தன் வேலையைச் செய்யாமல் சும்மா கிடந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருத்தியாவது எழுதியிருக்கிறாளா? அதைப் பார்த்துவிட்டு எனக்கு முன்னோடிப் பட்டம் கொடு.

டாக்டர் போனபின் நான் ரத்தச் சோதனைகளோடு நின்றுகொண்டேன். நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் காலை, இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பத்து நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்தேன், பார்த்தேன், டைபாய்டு இல்லை என்று எழுதி நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு பெஞ்சைப் பார்த்தாள்.

"முன்ன ஒருக்கா இதுலதானுங்க உக்காந்திருந்தேன். மாரமங்கலத்துக்காரரு கழுத்துச் சதையக் குடுத்துட்டு."

துண்டை மடித்துக் கொடுத்த அதே சின்னப்பொண்ணு.

"அவருக்கு நல்லாயிருச்சாமுங்க," என்றாள். "நல்லா இருக்கட்டும்." பிறகு கையில் இருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சரியா இருக்குமுங்களா?"

சீட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "உக்காரு கண்ணு. இன்னொருக்கா பாத்துர்றேன்."

புதிதாக ரத்தம் எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அதே முடிவுதான் வந்தது. எழுதிக் கொடுத்தேன். அவள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கோபமே இல்லாமல், பஸ் நேரம் கேட்பது போலக் கேட்டாள்:

"அவருதையும் ரெண்டாந்தரம் பாத்தீங்களாமா. கொஞ்சம் வெரசாப் பாத்திருக்கக் கூடாதுங்களா?"

குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொட்டச்சேட்டு பஸ்ஸுக்குப் போனாள்.